கோழிக்கூண்டில் ஈ மொய்க்கிறதா? ஈரத்தில் கை வையுங்கள்

கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி இருந்தால் நாலு ஈ வரத்தான் செய்யும். ஆனால் எங்கிருந்தோ வந்துபோகும் ஈ வேறு, கூண்டடியிலேயே பிறந்து பெருகும் ஈ வேறு. வந்துபோகிறதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. கூண்டடியில் பிறப்பதை மருந்துக் கடைப் பக்கமே போகாமல் நிறுத்திவிடலாம்.

அதற்கு முதலில் நாள்கணக்கு தெரிய வேண்டும். பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும்; அப்படிப் பல தடவை இடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நாலைந்து நாள் எருவைத் தின்று கொழுக்கும். பிறகு ஈரம் பிடிக்காமல், காய்ந்த இடம் தேடி ஊர்ந்து வெளியே போய், செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகிவிடும். இன்னும் நாலைந்து நாளில் அது ஈயாகப் பறக்கும். மொத்தம் 8 முதல் 12 நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கூண்டைக் கழுவியும் ஈ குறையாத வீடுகளில் கோளாறு இந்தக் கணக்கில்தான். நீங்கள் எருவை அள்ளும் 7ஆம் நாள், புழு அதில் இல்லை. சுவரோரத்து மண்ணுக்குள் போய்விட்டது. எருவை அள்ளுவதென்றால் 3 நாளுக்கு ஒருமுறையாவது அள்ள வேண்டும். இல்லையென்றால் அள்ளாமலே அதைக் காய வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்பது இரண்டும் கெட்டான் வேலை. ஈக்கு அதைவிட வசதி கிடையாது.

காய வைத்தால் போதுமா என்றால், போதும். புதிதாக விழுந்த கோழி எச்சத்தில் 75–80 சதவீதம் தண்ணீர். ஈப்புழுவுக்கு அதுதான் தோது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதில் புழு பிழைக்காது. கையில் எடுத்தால் பொடியாக உதிரும் எரு எத்தனை மூட்டை கிடந்தாலும் ஈக்குப் பயன்படாது. மறுபடி நனைந்தால் மட்டும் கதை மாறும்.

முதலில் புழு எங்கே என்று பாருங்கள்

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காலையில் கூண்டைச் சுற்றி வாருங்கள். கிளற வேண்டிய இடங்கள்: கோழி அடையும் கட்டைக்கு நேர்கீழே, தண்ணீர் டிரிங்கரைச் சுற்றி ஓர் அடி, தீவனம் சிந்தும் இடம், கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரம், கூண்டைக் கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் இடம், எருக்குழியின் விளிம்பு. எரு மேலே காய்ந்து ஓடு போல இறுகியிருந்தாலும் ஓர் அங்குலம் கீழே கிளறுங்கள். மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும் எருவில்தான் புழு நெளியும்.

வெள்ளையாக, ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருந்தால் வீட்டு ஈயின் புழு. பழுப்பாக, தட்டையாக, தோல் கெட்டியாக, அரை அங்குலத்துக்கு மேல் நீளமாக இருந்தால் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு, அதைத் தொடாதீர்கள். அது பெருகிய எருவில் வீட்டு ஈ முட்டையிடுவது வெகுவாகக் குறையும். கோழிக்கும் நல்ல தீனி. பின்னால் நீள வால் வைத்த புழு தெரிந்தால் அங்கே எரு கூழாகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

பச்சையாக, நீலமாக மினுங்கும் பெரிய ஈ சுற்றினால் எருவைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் செத்த எலியோ, உடைந்த முட்டையோ, கோழி அறுத்த குடலோ கிடக்கும்.

அடையும் கட்டைக்குக் கீழே ஒரு தட்டு

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். கோழி ஒன்று நாளைக்கு நூறு கிராமுக்கு முன்பின்னாக எச்சம் போடும். 15 கோழிக்கு ஒன்றரை கிலோ. அதில் ஏறக்குறைய பாதி, இரவில், அடைந்த இடத்திலேயே ஒரே வரிசையில் விழுகிறது. பகலில் விழுவது கொல்லையெங்கும் சிதறி, வெயிலில் காய்ந்து, கோழியின் கால் பட்டே பொடியாகிவிடும். இரவு விழுவதுதான் குவியலாகி ஈரம் காக்கிறது.

15 கோழிக்கு 6 அடி நீளத்தில் இரண்டு கட்டை, தரையிலிருந்து 2 அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளியில் போதும். கோழிக்கு 9 அங்குலத்துக்குச் சற்று மேலேயே இடம் கிடைக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்தால் எல்லாம் அதில்தான் முண்டியடிக்கும். கட்டைக்கு 8 அங்குலம் கீழே, 6 அடிக்கு 2 அடி அளவில் பலகையோ மூங்கில் தட்டியோ வைத்து, அதன்மேல் பழைய ஃபிளக்ஸ் பேனரை வழவழப்பான பக்கம் மேலே இருக்க இழுத்துக் கட்டுங்கள். நாலு பக்கமும் 2 அங்குல ரீப்பர் அடித்தால் எச்சம் வழியாது. கோழி தட்டில் இறங்கி மிதிக்காமல் இருக்க மேலே கோழிவலையை ஒரு சட்டத்தில் கட்டி, தூக்கி எடுக்கும்படி வையுங்கள்.

தட்டில் அரை அங்குலத்துக்கு உமியோ, நன்றாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவோ, காய்ந்த மணலோ பரப்புங்கள். ஒரு பக்கெட் அளவு பிடிக்கும். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு தகரத்துண்டால் எச்சத்தை மட்டும் வழித்து, மூடி போட்ட 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் தள்ளிவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலும் போதும். பக்கெட் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். முட்டை பொரிந்து புழுவானாலும் வெளியே வர வழியிருக்காது.

நார்க்கழிவு வாங்குகிறவர்கள் கவனிக்க: மில்லிலிருந்து வருவது பெரும்பாலும் ஈரமாகவே வரும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும் சரக்கு அது. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைக்காமல் கூண்டில் கொட்டினால், உறிஞ்ச வேண்டியதே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

தண்ணீரும் தீவனமும்

டிரிங்கரின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அலசிக் குடித்துச் சிந்தும், காலை வைத்துக் கவிழ்க்கும். டிரிங்கரை ஒரு ட்ரேயில் வைத்து, ட்ரேயில் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி மேலே கம்பிவலை போட்டுவிடுங்கள். சிந்தும் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும், எருவோடு கலக்காது. கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் பொருத்தியிருந்தால் இரவில் ஒருமுறை கீழே காகிதம் விரித்துப் பாருங்கள். காலையில் நனைந்திருந்தால் நிப்பிளில் மணல் மாட்டியிருக்கும், இல்லையேல் வாஷர் போயிருக்கும். முடிந்தால் டிரிங்கரைக் கூண்டுக்கு வெளியே, நிழலில் வைப்பதே மேல்.

தீவனத் தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். சிந்திய தீவனம் எச்சத்தோடு சேர்ந்து புளித்தால் அந்த வாடைக்கு ஈ ஓடிவரும். பழைய சோறு, கஞ்சி, காய்கறித் தோல் போடுகிறவர்கள் காலையில் போட்டு, அரைமணியில் தின்னாமல் மிஞ்சியதை அள்ளிவிட வேண்டும். சாயங்காலம் ஈரத் தீனி போடுவதை நிறுத்தினாலே பல வீடுகளில் பாதித் தொல்லை போய்விடும்.

எச்சமே தண்ணீராகப் போகிறதா என்றும் பாருங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கோழி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். எச்சம் இளகுவது சகஜம். வெயில் இல்லாத நாளிலும் இளகினால் முதல் சந்தேகம் உப்பு. வீட்டில் தீவனம் கலக்கிறவர்கள் உப்புக் கருவாட்டுத் தூளைச் சேர்த்து, அதற்குமேல் கல்லுப்பும் போடுவார்கள். எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 5 கிராம் உப்பைத் தாண்டக் கூடாது. உப்பு சரியாக இருந்தும் இளகினால், எச்சத்தில் ரத்தம் கலந்தால், கோழி உடம்பைக் குறுக்கி நின்றால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தரையில் கூளம்

கூண்டுக்குள் கோழிக்கு 2 சதுர அடி என்று கணக்கு வைத்தால் 15 கோழிக்கு 30 சதுர அடி. அதில் 4 அங்குலத்துக்கு உமி பரப்பச் சுமார் 30 கிலோ வேண்டும். கடலைத்தோலும் நல்லது. பொடி மரத்தூள் வேண்டாம். ஈரம் பட்டால் அடையாகிவிடும். வாரம் இருமுறை களைக்கொத்தியால் அடிவரை கிளறுங்கள். கை நிறையத் தானியத்தைத் தூவினால் கோழியே கிளறிப் பாதி வேலையைச் செய்துவிடும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கி மூடித் திறங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி பிடித்த வடிவிலேயே நின்றால் ஈரம் அதிகம். அப்போது மேலே புது உமியைக் கொட்டி மூடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கீழே ஈரம் அப்படியே இருந்து புழு பிடிக்கும். அடை கட்டிய இடத்தை மட்டும் தரை தெரிய வெட்டி எடுத்து, தரை காய்ந்த பிறகு புது உமி போடுங்கள். மீதிக் கூளத்தைக் கலைக்க வேண்டாம். பழைய காய்ந்த கூளத்தில் ஈயின் முட்டையைத் தின்னும் சிறு வண்டும் பேன்போன்ற பூச்சியும், கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் குட்டிக் குளவியும் குடியிருக்கின்றன. ஒட்டுமொத்தமாக வழித்துக் கழுவினால் அவை திரும்பி வர வாரக்கணக்காகும். ஈக்கு ஒரே நாள் போதும்.

சுண்ணாம்பு போடலாமா? நீர்த்த சுண்ணாம்பை, வெட்டி எடுத்த காலித் தரையில், வெள்ளையாகப் படியும் அளவுக்குத் தூவலாம். ஈர எருவின் மேலேயே கொட்டக் கூடாது. சுண்ணாம்பும் விறகுச் சாம்பலும் காரத்தன்மை உள்ளவை; ஈர எச்சத்தோடு சேர்ந்தால் அமோனியா குபீரென்று கிளம்பும். மூடிய கூண்டில் அது கோழியின் கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். குனிந்து நின்று உங்கள் கண் எரிந்தால், கோழிக்கு அது நாள் முழுக்க எரிகிறது என்று அர்த்தம். நீர்க்காத சுட்ட சுண்ணாம்பு காலைப் பொத்துவிடும், அதைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம்.

சிமென்ட் தரையைக் குழாய் வைத்து அடித்துக் கழுவுவதும் அப்படித்தான். தரை பளிச்சென்று இருக்கும். கரைந்த எரு வாய்க்கால் ஓரத்தில் போய்க் கூழாக நிற்கும். சுரண்டுங்கள், பெருக்குங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் நல்ல வெயில் நாளில், எருவை அள்ளிய பிறகு கழுவுங்கள்.

அள்ளிய எருவை என்ன செய்வது

மாசி முதல் ஆவணி வரை வெயில் அடிக்கும் ஊர்களில் காய வைப்பதே சுலபம். ஃபிளக்ஸ் விரிப்பில் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பினால் ஓரிரு நாளில் சருகாகிவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளி, சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள். இரண்டு அங்குலக் கனத்தில் கொட்டினால் மேல் மட்டும் காயும். உள்ளே புழு வைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்காது. அப்போது 3 அடி அகலச் சிமென்ட் உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூடியோடு ஒரு கம்போஸ்ட் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு எருவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, சருகு, நார்க்கழிவு. ஒவ்வொரு முறை போட்டதும் 2 அங்குலத்துக்கு மண்ணோ பழைய மக்கிய எருவோ போட்டு மூட வேண்டும். இந்த மேல்மூடிதான் முக்கியம். மக்குவதற்குத் தேவையான 50–60 சதவீத ஈரம் புழுவுக்கும் பிடித்த ஈரம்தான். ஈ முட்டை வைக்க எருவைத் தொடவிடாமல் செய்வதுதான் வழி. குவியலின் நடுவில் சூடு 55 டிகிரியைத் தாண்டினால் புழு சாகும், ஆனால் அது குளிர்ந்த விளிம்புக்கு நகர்ந்து தப்பிக்கப் பார்க்கும். அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள். சூடு ஏறியதா என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுத்துத் தொடுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு வேண்டும். பத்துக் கோழி எருவில் அவ்வளவு சூடு பல சமயம் ஏறாது. அப்போது மூடியையும் மண்ணையும்தான் நம்ப வேண்டும்.

பொறி

பொறி பிறப்பைத் தடுக்காது. ஏற்கெனவே பறக்கிறதைக் குறைக்கும், அவ்வளவுதான். 2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடி இல்லாமல் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகி, ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். உள்ளே அரை லிட்டர் தண்ணீர், 50 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட், இரண்டு கருவாட்டுத் தலை, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். திரவம் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் ஈ தண்ணீர்மேல் நின்று தப்பித்துவிடும். முதல் நாள் ஒன்றும் விழாது. இரண்டு மூன்று நாளில் வாடை ஏறியதும் விழத் தொடங்கும்.

கூண்டுக்குள்ளேயோ வாசல் அருகிலோ தொங்கவிட்டால் ஊர் ஈயை நீங்களே விருந்துக்குக் கூப்பிட்டதாகும். கூண்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் 20–30 அடி தள்ளி, வெயில் படும் இடத்தில், இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். வாரம் ஒருமுறை கொட்டிப் புதைத்துவிட்டு மாற்ற வேண்டும். தண்ணீர் வற்றினால் செத்த ஈயின் மேலேயே புழு பிறக்கும்.

ஒட்டும் காகிதத்தை எங்கே தொங்கவிடுவது என்று யோசிக்க வேண்டாம். ஈ இரவில் அடையும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்: கூரைக் கம்பி, கயிறு, விட்டத்தின் அடிப்பக்கம். அங்கேதான். கோழிக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும். அதே இடத்தில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி வைத்து, வாரம் ஒருமுறை புள்ளியை எண்ணினால் தொல்லை கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். உள்ளங்கை அளவு அட்டையில் 50 புள்ளிக்கு மேல் விழுந்தால் எங்கோ புழு பிறக்கிறது. குச்சியை மறுபடி எடுங்கள்.

வாசலில் பாலித்தீன் பையில் தண்ணீர் கட்டித் தொங்கவிடுவதால் ஈ போகாது. எலுமிச்சைப்புல் எண்ணெய், வேப்பெண்ணெய்த் தெளிப்பு எல்லாம் சில மணி நேரம் விரட்டும். எரு ஈரமாக இருக்கும்வரை ஈ திரும்ப வரும்.

மருந்து பற்றி

பின்கொல்லைக் கோழிக்கு இது கடைசிக் கட்டம். முன்பு நுவான் என்று கேட்டு வாங்கிய டைக்குளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. யாராவது பழைய சரக்கைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டெல்டாமெத்ரின் வகை மருந்தைச் சுவரிலும் விட்டத்திலும் அடிக்கலாம். எருவின்மேல் அடித்தால் புழுவைவிட அதைத் தின்னும் வண்டுதான் முதலில் சாகும். அடிக்கும்முன் கோழி, தீவனம், தண்ணீர், முட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, அளவை லேபிளில் உள்ளபடி கலந்து, காய்ந்த பிறகே கோழியை விட வேண்டும். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் ஈக்குப் பழகிவிடும். குருணை வடிவ ஈ மருந்தைத் தரையில் தூவவே கூடாது. கோழி அதைத் தானியமென்று கொத்தும்.

பண்ணைகளில் தீவனத்தில் கலக்கும் சைரோமசின் எச்சத்தில் புழு வளரவிடாமல் செய்யும். 1 சதவீதப் பொடியை டன் தீவனத்துக்கு 500 கிராம் கலப்பார்கள். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழி வைத்திருக்கும் நாமக்கல் பண்ணைக்கு அது சரி. பத்துக் கோழிக்கு அதைச் சீராகக் கலப்பதே சிரமம், மேய்கிற கோழி அந்தத் தீவனத்தை மட்டும் தின்னப்போவதும் இல்லை. தேவையில்லாத செலவு.

செத்ததும் புண்பட்டதும்

செத்த கோழியையும் அறுத்த கழிவையும் அன்றே 2–3 அடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால், அழுகிய பிணத்தில் பிறந்த புழுவைக் கோழி தின்று, நச்சேறிக் கழுத்துத் தொங்கிச் சாகும். வீட்டு ஈயைக் கொத்தித் தின்பதாலும் ஒருவகை நாடாப்புழு கோழிக்குத் தொற்றும். எச்சத்தில் வெள்ளை அரிசி போல் நெளிவது தெரிந்தால் குடற்புழு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

பின்பக்க இறகில் எச்சம் ஒட்டிய கோழியைப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு சதைக்குள் இறங்கும். இறகை வெட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, போவிடோன் அயோடின் தடவி, தனியாக ஈ புகாத இடத்தில் வையுங்கள். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனைக் கோழிக்கு ஊற்ற வேண்டாம்.

எத்தனை நாளில் குறையும்

இன்றைக்கே எல்லாம் சரிசெய்தாலும் நாளைக்கு ஈ குறையாது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு இன்னும் ஒரு வாரம் ஈயாக வெளிவரும். பறக்கிற ஈ இரண்டு முதல் நாலு வாரம் உயிரோடிருக்கும். முதல் பத்து நாள் ஒன்றும் நடக்காதது போலத்தான் தோன்றும். பலர் அங்கேதான் மனம் தளர்ந்து மருந்து வாங்கப் போகிறார்கள். இந்த நாள்களில் பொறியை வையுங்கள், சுவரோரத்து மண்ணை 2 அங்குலம் கொத்திவிட்டுக் கோழியை அங்கே விடுங்கள். கூட்டுப்புழுவைத் தேடித் தின்றுவிடும்.

மூன்று வாரம் கழித்தும் அட்டையில் புள்ளி குறையவில்லை, குச்சியில் புழுவும் அகப்படவில்லை என்றால் ஈ உங்கள் கூண்டில் பிறக்கவில்லை. பக்கத்து மாட்டுக்கொட்டகைச் சாணக்குழி, தென்னைக்குப் போட்ட பச்சைக் கோழி எரு, தெருமுனைக் குப்பைத்தொட்டி, கறிக்கடைக் கழிவு என்று ஒவ்வொன்றாகப் போய்க் கிளறிப் பாருங்கள். சாணக்குழிக்காரரிடம் சண்டைக்குப் போவதைவிட, ஒரு பழைய ஃபிளக்ஸைக் கொண்டுபோய்க் குழியை மூடி விளிம்பில் மண் அணைத்துக் கொடுப்பது சீக்கிரம் பலிக்கும்.